தெட்சணாமூர்த்தியின் தவிலும் தகரப் பெட்டியில் கிடக்கும் ஒலிநாடாக்களும்

1975ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 3ஆம் திகதி எகிப்தின் புகழ்பெற்ற பாடகி உம்மு குல்தூம் கெய்ரோவில் காலமானார். கிராமத்துப் பள்ளிவாசல் இமாம் ஒருவரின் மகளாகப் பிறந்து, திருக்குர்ஆனை முறைப்படி ஓதப் பயின்ற நாவினால் அரபு இசையுலகை ஆண்டவர் அவர். மாதத்தின் முதல் வியாழக்கிழமை இரவில் வானொலியில் அவர் பாடுகின்றார் என்றால் அரபு நாட்டுத் தெருக்கள் வெறிச்சோடிப் போகும் என்பர். அவரது இறுதி ஊர்வலத்தில் இலட்சக்கணக்கில் மக்கள் திரண்டனர். அரசு வகுத்திருந்த ஒழுங்குகளை அவர்கள் பொருட்படுத்தவில்லை. சுமந்து சென்றோரின் தோள்களிலிருந்து பேழையைத் தாமே வாங்கி, கைக்குக் கை மாற்றி, தெருத்தெருவாக மணிக்கணக்கில் சுமந்து, இமாம் ஹுசைன் பள்ளிவாசலுக்குக் கொண்டு சென்றனர். இசை குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டென்பதை நாம் அறிவோம். அவ்விவாதத்தினுள் நாம் இங்கே புகவில்லை. ஒரு குரலை இழந்த மக்கள் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதே நாம் இங்கு நோக்குவது.

அதே 1975இல் யாழ்ப்பாணத்திலும் ஒரு மகத்தான இசைக் கலைஞர் மறைந்தார். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி என்று தமிழகத்திலும் ஈழத்திலும் அறியப்பட்ட தவில் மேதை அவர். 1933இல் இணுவிலில் தவில் வித்துவான் விசுவலிங்கத்தின் மகனாகப் பிறந்து, அளவெட்டியில் வாழ்ந்து, நாற்பதைத் தாண்டிய சொற்ப காலத்திலேயே அவரது வாழ்வு முடிந்தது. 2025ஆம் ஆண்டுடன் அவர் மறைந்து ஐம்பது ஆண்டுகள் நிறைந்துவிட்டன.

உம்மு குல்தூமின் கச்சேரிகளை வானொலி நிலையமும் இசைத்தட்டு நிறுவனங்களும் பதிந்து வைத்தன. இன்றும் கெய்ரோவின் தேநீர்க் கடைகளில் அவர் பாடிக்கொண்டிருக்கின்றார். தெட்சணாமூர்த்திக்கு அத்தகைய ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. அவரது வாசிப்பில் இன்று எஞ்சியிருப்பதிற் பெரும்பகுதி, கோயில் வீதியில் அமர்ந்து கேட்ட ரசிகர்கள் தத்தம் கருவிகளில் பதிந்து வைத்தவையே. அவர்களுடைய துயரமும் கொண்டாட்டமும் இல்லாதிருப்பின், இந்த மேதை இன்று வெறும் பெயராகவே எஞ்சியிருப்பார். இதனை இளைய வாசகர்களுக்கு, குறிப்பாகத் தவிலைத் திருமண வீட்டு ஓசையாக மாத்திரம் அறிந்தவர்களுக்கு, சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது.

தவில் நாதசுரத்துக்குத் துணைபோகும் பக்கவாத்தியம். பலா மரத்தில் குடைந்த உடல். அதன் இரு புறமும் தோல். வலப்புறத்தை விரல்களில் மாட்டிய கெட்டியான கூடுகளால் முழக்குவர். இடப்புறத்தைக் கழியால் அடிப்பர். ஒலிபெருக்கி இல்லாத காலத்திலேயே ஊர் முழுவதும் கேட்கும் வல்லமை கொண்ட வாத்தியம் அது. தவிலை அடிப்பது எளிது. அதனை அடக்கி வாசிப்பதுதான் அரிது. நாதசுரக்காரர் இராகத்தை விரிக்கும்போது அதன் பின்னே நிழல்போற் செல்லவும் வேண்டும். தனியாக வாசிக்கும் நேரம் வந்ததும் ஆயிரக்கணக்கானோரை அசையாது இருத்தி வைக்கவும் வேண்டும். கணக்குப் பிசகலாகாது, கணக்குப் போடுகின்றார் என்பது வெளியே தெரியவுங் கூடாது. தெட்சணாமூர்த்தியின் விரல்களில் வேகமும் தெளிவும் ஒருங்கே இருந்தன என்பதே அவரைக் கேட்டவர்கள் அனைவரும் ஒரே குரலிற் கூறுவது. எத்தனை விரைவாக வாசித்தாலும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே முத்துக்கோத்தாற்போல் விழும் என்பர்.

யாழ்ப்பாணத்தில் இக்கலையை வளர்த்தது சபா மண்டபமன்று, கோயில் திருவிழாவே. ஒவ்வொரு நாள் திருவிழாவுக்கும் ஓர் உபயகாரர் உண்டு. உபயகாரருக்கு உபயகாரர் போட்டி. நேற்றைய திருவிழாவுக்கு நான்கு கூட்டம் மேளமென்றால் இன்றைக்கு ஆறு கூட்டம். அவர்கள் தஞ்சாவூரிலிருந்து ஒருவரை அழைத்தால் இவர்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இன்னொருவரை அழைப்பர். இந்தப் போட்டியிற் பணம் விரயமாகிறதென்று அக்காலப் பெரியோர் பலர் கண்டித்ததுண்டு. கண்டனத்தில் நியாயமும் உண்டு. ஆயினும் அந்த வீண்பெருமையின் விளைவாகவே தமிழகத்தின் முதல்தர நாதசுர, தவில் வித்துவான்கள் கடல் கடந்து இங்கே வந்து, எமது கலைஞர்களுடன் ஒரே மேடையில் விடிய விடிய வாசித்தனர். இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான கப்பற் போக்குவரத்து அந்நாளில் ஒரு பண்பாட்டுப் பாலமாகவே விளங்கிற்று.

மேளச்சமா என்று எம்மவர் சொல்வது இதனைத்தான். சுவாமி வீதியுலா வந்து ஒரு சந்தியில் நின்றுவிடும். சுற்றிவரப் பாய் விரித்து, பிள்ளைகளை மடியிற் கிடத்தி, சனங்கள் அமர்ந்துவிடுவர். இரண்டு தவில்கள், சிலவேளை நான்கு, ஒன்றுக்கொன்று கேள்வியும் பதிலுமாக வாசிக்கும். கேட்டுக்கொண்டிருப்பவர்களுள் தோட்டக்காரரும் இருப்பார், பாடசாலை அதிபரும் இருப்பார். தாளத்தைக் கையிற் போட்டுக்கொண்டே இருப்பவர்களிடம் வித்துவானின் பிழை தப்பாது. யாழ்ப்பாணத்து ரசிகர்களுக்கு முன்னே வாசிப்பது பரீட்சை எழுதுவது போன்றதென்று தமிழகக் கலைஞர்கள் கருதியதாக மூத்தவர்கள் பெருமையோடு சொல்வர். பெருமையிற் கொஞ்சம் கூட்டிச் சொல்வதும் ஊர் வழக்கந்தான்.

இந்தச் சூழலில் வளர்ந்த தெட்சணாமூர்த்தி தமிழகம் சென்று நாச்சியார்கோவில் இராகவப்பிள்ளையிடம் குருகுல முறையிற் பயின்றார். தமிழகத்துத் தவில் மரபின் உச்சியில் இருந்தவர்கள் அவரைத் தம்முள் ஒருவராக ஏற்றனர். அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாதசுரத்துக்கும், தமிழகத்துப் பெரும் வித்துவான்களின் நாதசுரத்துக்கும் அவர் வாசித்தார். தவில் பிறந்த மண்ணுக்கு ஈழத்திலிருந்து ஒருவர் சென்று, அங்குள்ளோரைத் தலையசைக்க வைத்தார் என்பது அந்நாளைய யாழ்ப்பாணத்துக்குச் சிறிய செய்தியன்று.

அவர் சேர்ந்து வாசித்தவர்களுள் ஒருவரைப் பற்றித் தனியே கூற வேண்டும். ஷேக் சின்ன மௌலானா ஆந்திரத்தின் கரவதி என்னும் ஊரில், நாதசுரம் வாசிக்கும் முஸ்லிம் குடும்பமொன்றிற் பிறந்தவர். தஞ்சாவூர் வாசிப்பு முறையில் மனம் பறிகொடுத்து, அதனை நாச்சியார்கோவிலைச் சேர்ந்த வித்துவான்களிடம் கற்று, திருவரங்கத்தையே தம் ஊராக்கிக்கொண்டார். தெட்சணாமூர்த்தி தவில் கற்கப்போன அதே நாச்சியார்கோவில் என்பது கவனிக்கத்தக்கது. சின்ன மௌலானா முஸ்லிமாகவே வாழ்ந்தார், ஆலயங்களிலும் வாசித்தார், இரண்டுக்கும் இடையில் அவர் எந்த முரண்பாட்டையும் காணவில்லை. 1977இல் பத்மஸ்ரீ விருதும் 1998இல் சென்னை மியூசிக் அக்கடமியின் சங்கீத கலாநிதி விருதும் அவரை வந்தடைந்தன. 1999இல் அவர் மறைந்தார். யாழ்ப்பாணத்துச் சைவ ஆலயங்களின் வீதிகளில் அவரது நாதசுரத்தைக் கேட்கத் திரண்ட கூட்டம் அவரது மதம் எதுவென்று கேட்கவில்லை. அடுத்த இராகம் எதுவென்றே கேட்டது. எமது தமிழ், முஸ்லிம் வாசகர்கள் இருசாராரும் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டிய காட்சி இது.

கலைஞரை மேடையிற் கொண்டாடிய அதே சமூகம், மேடையை விட்டு இறங்கியதும் அவரை எங்கே அமர வைத்தது என்பதையும் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. நாதசுர, தவில் குடும்பங்களுக்கு யாழ்ப்பாணத்துச் சாதியடுக்கில் வழங்கப்பட்ட இடம் அவர்களுடைய வித்துவத்துக்கு ஏற்றதாக இருந்ததில்லை. பொன்னாடை போர்த்திய கைகளே வீட்டுத் திண்ணையில் வேறு வரிசையைக் காட்டின. கலைஞர் மறைந்த பின்னர் எழும் புகழுரைகளில் இப்பகுதி எப்போதும் விடுபட்டுப் போகின்றது.

தெட்சணாமூர்த்தியின் மறைவை ஊர் எவ்வாறு எதிர்கொண்டது? இங்கே ஒரு விசித்திரம் உண்டு. தவில் மங்கல வாத்தியம். திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் உரியது. துக்க வீட்டில் அது ஒலிப்பது வழக்கமன்று. பாடகர் ஒருவர் மறைந்தால் அவரது பாடலையே பாடி அழலாம். தவில் வித்துவான் மறைந்தால் அவரது வாத்தியம் உறையினுள் மௌனமாக இருக்கும். யாழ்ப்பாணத்தில் இறந்தவருக்குக் கல்வெட்டு வெளியிடும் வழக்கம் உண்டு; அந்தியேட்டி நாளில் அவரது வரலாறும் அவரைப் பற்றிய செய்யுட்களும் அச்சிற் பதிந்து கையிற் கிடைக்கும். சொல்லை அச்சிட எமக்குத் தெரிந்திருந்தது. ஓசையை என்ன செய்வதென்று தெரிந்திருக்கவில்லை. ஆகவே துயரம் மௌனமாகக் கழிய, கொண்டாட்டம் அடுத்தடுத்த திருவிழாக்களுக்குத் தள்ளிப்போயிற்று. பிற தவில் வித்துவான்கள் வாசிக்கும்போது, "இது அவருடைய பிடி" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்ல, அருகிலிருப்பவர் தலையை ஆட்டுவார். அஞ்சலி அவ்வாறுதான் நடந்தது. ஆனால் அந்த ஒப்பீட்டுக்கு நேரிற் கேட்ட காது வேண்டும். நேரிற் கேட்டவர்கள் ஒவ்வொருவராக மறைய, எஞ்சியவை ஒலிநாடாக்கள் மாத்திரமே.

நாம் தெட்சணாமூர்த்தியை நேரிற் கேட்டதில்லை; அவர் மறைந்தபோது எமக்குப் பள்ளிக்கூடம் போகும் வயது. அவரை நாம் முதன்முதலிற் கேட்டது 1990களின் ஆரம்பத்தில். குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மின்கலத்துக்குத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவில் எழும் மின்னில் பாட்டுக் கேட்ட காலம். அயலில் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருவர் இருந்தார். பிஸ்கட் தகரப் பெட்டியொன்றில் பத்துப் பன்னிரண்டு கசெட்டுகளைத் துணியிற் சுற்றி வைத்திருந்தார். பழைய சுருள்நாடாவிலிருந்து பிரதி பண்ணியவை என்றார். இரவல் கேட்டோம். "தம்பி, இது இரவல் தாற சாமான் இல்லை, இருந்து கேட்டிட்டுப் போம்" என்றார். நாம் மிதியைச் சுற்றினோம். சுற்றும் வேகம் குறைந்தால் தவிலின் வேகமும் குறையும். அவருக்குக் கோபம் வந்துவிடும். தெட்சணாமூர்த்தியின் காலப்பிரமாணத்தை எமது கை கெடுத்துவிட்டதென்று அவர் கடிந்துகொண்டதை இன்றும் மறக்க முடியவில்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் ஒரே வீதியில் நடந்தது. மழை, இருள், இலட்சக்கணக்கில் மக்கள். அந்தத் தகரப் பெட்டிக்கு என்ன ஆயிற்றென்று நாம் அறியோம். திரும்பி வந்தபோது அவரது வீட்டிற் கூரை இருக்கவில்லை.

இது ஒரு வீட்டுக் கதையன்று. வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி 1990 முதல் உயர் பாதுகாப்பு வலயமாகி, மக்கள் தலைமுறைக் கணக்கிற் சொந்த வீட்டைக் காணாது இருந்தனர். அதே 1990ஆம் ஆண்டின் ஒக்டோபர் 30ஆம் திகதியன்றே யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் ஒரு சில மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். சோனகத் தெருவிலும் அதன் அயலிலும் இருந்த வீடுகளிலும் வானொலிகள் இருந்தன, கசெட்டுகள் இருந்தன, குடும்பத்துப் பெரியவர்களின் குரல்கள் பதிந்த நாடாக்களும் இருந்திருக்கும். உடுத்த உடையோடு புறப்படும் ஒருவர் நாடாப் பெட்டியைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்று ஓர் எண்ணையாவது சொல்ல முடிந்தது. வீடுகளில் அழிந்த ஒலிகளுக்கு அத்தகைய எண் எதுவும் கிடையாது. அவற்றை எவரும் பட்டியலிட்டிருக்கவில்லை.

எனினும் எல்லாம் அழிந்துவிடவில்லை. சில நாடாக்கள் புலம்பெயர்ந்தோரின் பயணப் பெட்டிகளில் ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் பாரிசுக்கும் போய்ச் சேர்ந்தன. சில இங்கேயே தப்பின. அம்ஷன் குமார் இயக்கிய ஆவணப்படம் ஒன்று, தெட்சணாமூர்த்தியின் இசையையும் அவரை அறிந்தோரின் நினைவுகளையும் திரட்டித் தந்தது. இந்திய அரசின் 63ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில், கலை, பண்பாட்டுப் படங்களுக்கான பிரிவில் அது விருது பெற்றது. மறைந்து நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னர், அவரை ஒருபோதும் கேட்டிராத தலைமுறை அவரது பெயரைத் தேடத் தொடங்கியது. பெரிய நிறுவனம் எதுவும் பதிந்து வைக்காத ஒருவரைப் பற்றிப் படமொன்று எடுக்க முடிந்ததெனின், எவரோ சிலர் நாடாக்களைத் துணியிற் சுற்றி வைத்திருந்ததே அதற்குக் காரணமாகும்.

2020 செப்டெம்பர் 25ஆம் திகதி எஸ்.பி. பாலசுப்பிரமணியம் காலமானபோது யாழ்ப்பாணத்திலும் ரசிகர்கள் கலங்கினர். கொரோனாப் பெருந்தொற்றுக் காலமாகையாற் பலர் வீட்டிலிருந்தே அவரது பாடல்களை ஒலிக்கவிட்டு அஞ்சலி செலுத்தினர். அந்தத் துயரம் உண்மையானது. ஆனால் அவரது பாடல்கள் தொலைந்து போகும் என்ற அச்சம் எவருக்கும் இருக்கவில்லை, இருக்கத் தேவையுமில்லை. திரையிசை தன்னைத் தானே காத்துக்கொள்ளும். நாதசுர மேதை காருகுறிச்சி அருணாசலம் 1964இல் மறைந்தபோது, அவர் வாசித்த "கொஞ்சும் சலங்கை" படப் பாடல் பட்டிதொட்டியெங்கும் ஒலித்துக்கொண்டிருந்தது. தெட்சணாமூர்த்திக்கு அத்தகைய திரைப்படம் எதுவும் வாய்க்கவில்லை. கோயில் வீதியில் வாசித்தவர்களின் ரசிகர்களுக்கு, ஆகவே, கூடுதலான ஒரு வேலை இருக்கின்றது.

அந்த வேலைக்குக் காலக்கெடுவும் உண்டு. ஒலிநாடா என்பது பிளாஸ்டிக் பட்டியொன்றின் மீது காந்தத் தன்மையுள்ள துகள்களைப் பசை கொண்டு ஒட்டியதே. எமது நாட்டின் ஈரக்காற்றில் அந்தப் பசை நீரை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகின்றது. அந்நிலையில் நாடாவைச் சுழலவிட்டால், துகள்கள் உரிந்து கருவியின் முனையில் ஒட்டிக்கொள்ளும். ஓசை அத்தோடு போய்விடும். பூஞ்சணம் பிடித்த நாடாவின் கதியும் அதுவே. ஆகவே அறுபது வருட நாடாவொன்று கையிற் கிடைத்தால், ஆர்வத்தில் உடனே போட்டுக் கேட்பது அதற்குச் செய்யும் கெடுதியாக முடியலாம். ஒரேயொரு தடவைதான் அது ஒழுங்காக ஓடுமெனின், அந்தத் தடவையிலேயே அறிந்தவர் ஒருவரின் கையால் எண்ணிம வடிவுக்கு மாற்றப்பட வேண்டும். சுருள்நாடாவை ஓட்டும் கருவிகளும் பழுதுபார்ப்போரும் ஆண்டுக்காண்டு அருகி வருகின்றமை இன்னொரு சிக்கல்.

இதனை எவர் செய்வது? மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகம் என்று அறியப்பட்டுவந்த நிறுவனம் இருக்கின்றது. தெட்சணாமூர்த்தி மறைந்த அதே 1975இலேயே அது பல்கலைக்கழக யாழ்ப்பாண வளாகத்துடன் இணைக்கப்பட்டது. 2005இல் ஆரம்பிக்கப்பட்ட "நூலகம்" எண்ணிம நூலகம் ஈழத்து அச்சு ஆவணங்களில் ஆற்றியிருக்கும் பணியை வாசகர் அறிவர். நூலுக்குச் செய்ய முடிந்ததை ஒலிக்கும் செய்ய முடியும். ஆனால் நாடாக்கள் இருப்பதோ தனியார் வீடுகளில். அவற்றை வெளியே கொடுக்கத் தயங்குவோரை நாம் குறை கூறமாட்டோம். போரையும் இடப்பெயர்வையும் கடந்து காத்தவர்கள், கொடுத்துக் கெட்டவர்களையும் கண்டிருப்பார்கள். நாடாவை உரியவரின் கண்முன்னேயே பிரதி பண்ணி, மூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும் ஏற்பாடு இருப்பின் அவர்களது தயக்கம் தணியும் என்று கருதுகின்றோம்.

நாடாவைப் போலவே முக்கியமான இன்னொன்று, அதன் மேலுறையில் எழுதப்பட வேண்டிய விபரம். எந்தக் கோயில், எந்த ஆண்டு, எத்தனையாம் திருவிழா, நாதசுரம் யார், உடன் வாசித்த தவில் யார் என்பன இன்று எழுபது, எண்பது வயதைக் கடந்தவர்களுக்கே தெரியும். அவர்கள் அருகே அமர்ந்து ஒருமுறை கேட்டு எழுதிக்கொள்ள மின்சாரமோ கருவியோ தேவையில்லை.

அண்மையில் நண்பர் ஒருவரின் வீட்டில் அவ்வாறான ஒரு நாடாவின் பிரதியைக் கேட்டோம். தவிலின் பின்னணியில் கைக்குழந்தையொன்று அழுகின்றது. கச்சான் விற்பவர் ஒருவரின் குரல் வந்து போகின்றது. தனி முடியும் இடத்தில் கூட்டம் எழுப்பும் ஆரவாரத்தில் பதிவு கரகரத்து ஒருகணம் எதுவும் கேளாமற் போகின்றது. மேலுறையில் ஊதா மையில் "தெட்சணாமூர்த்தி, திருவிழா" என்று மாத்திரம் எழுதியிருந்தது. எந்த ஊர்த் திருவிழா என்று அவ்வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.